அமெரிக்கப் பட்டறைகளில் தைவான், சீனச் சாமான்கள் எப்போது புகுந்தன?

கேள்வி இதுதான்: "ஒஹாயோவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள் ஆகிறது. இங்கே எஸ்டேட் சேல்களில் (இறந்தவர்கள் வீட்டுச் சாமான் விற்பனை) பழைய லேத், டிரில்லிங் மெஷின், பேண்ட்சா (பட்டை ரம்பம்) எல்லாம் மலிவாகக் கிடைக்கின்றன. யாரைக் கேட்டாலும் பழைய அமெரிக்கச் சரக்காகப் பார்த்து வாங்கு என்கிறார்கள். எந்த வருடத்தோடு உள்ளூர்த் தயாரிப்பு போய் ஆசிய இறக்குமதி வந்தது? 1980-க்கு முந்தியது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?"

கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற வருடம் என்று ஒன்று கிடையாது. ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 1978-க்கும் 1985-க்கும் நடுவில் என்று சொல்வேன். அதுவும் காரேஜிலும் சின்னப் பட்டறையிலும் இருக்கிற லேத், பெஞ்ச் டிரில், பேண்ட்சா, சின்ன மில்லிங் மெஷின் இவற்றுக்கு மட்டும்தான். மைக்ரோமீட்டர், வெர்னியர் போன்ற அளவுக்கருவிகளில் ஜப்பான் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டது. ஸ்பானர், சாக்கெட் செட் மாதிரி கைச்சாமான்களில் மாற்றம் பெருமளவு நடந்து முடிய 2010 தாண்டிவிட்டது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒவ்வொரு கதை, ஒரே கம்பெனிக்குள்ளேயே ஒவ்வொரு மாடலுக்கும் வேறு வேறு தேதி.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். ஆசியக்காரன் கப்பலில் வந்து இறங்கி அமெரிக்கக் கம்பெனிகளை விரட்டிவிட்டான் என்று இங்கே வயதான டர்னர்கள் சொல்வார்கள். நடந்தது அப்படி இல்லை. தைவானிலிருந்து வரவழைத்து விற்றவர்கள் அமெரிக்க வியாபாரிகள். அப்புறம், போட்டியில் மூச்சுத் திணறிய பழைய அமெரிக்கக் கம்பெனிகளே அதே தைவான் பவுண்டரிகளில் (வார்ப்பாலைகளில்) ஆர்டர் கொடுத்து, தங்கள் பெயர்ப்பலகையை ஒட்டி விற்க ஆரம்பித்தார்கள். அதனால் பெயரைப் பார்த்தும் ஏமாறலாம், வருடத்தைப் பார்த்தும் ஏமாறலாம்.

சரி, முதலில் ஜப்பான். 1950களில், 60களில் 'மேட் இன் ஜப்பான்' என்றால் அமெரிக்காவில் மட்டரகம் என்று அர்த்தம். அதை மாற்றியதில் அளவுக்கருவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1934-ல் யேஹான் நுமாடா ஆரம்பித்த மிட்டுடோயோ, 1963-ல் அமெரிக்காவிலேயே கிளைக் கம்பெனி வைத்தது. அதுவரை அமெரிக்க டூல் ரூமில் மைக்ரோமீட்டர் என்றால் மாசசூசெட்ஸ் அத்தோலில் இருக்கிற ஸ்டாரெட், இல்லையென்றால் ரோட் ஐலண்டின் பிரவுன் அண்ட் ஷார்ப். இரண்டுமே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கம்பெனிகள். மிட்டுடோயோ விலையில் மட்டும் அடிக்கவில்லை, தரத்திலும் அடித்தது. டிஜிட்டல் வந்ததும் ஆட்டம் கிட்டத்தட்ட முடிந்தது. பிரவுன் அண்ட் ஷார்ப்பில் 1981-ல் ஆரம்பித்த வேலைநிறுத்தம் வருடக்கணக்கில் இழுத்தது. கடைசியில் 2001-ல் ஸ்வீடனின் ஹெக்ஸகன் அதை வாங்கிவிட்டது. ஸ்டாரெட் இன்னும் அத்தோலில் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கே சீனாவின் சூஜோவில் ஒரு தொழிற்சாலை உண்டு.

பெரிய இயந்திரங்களில் அடி விழுந்தது 1970களின் கடைசியில். அப்போது அமெரிக்காவில் வேலை குவிந்து கிடந்தது, மெஷின் செய்கிற கம்பெனிகளின் ஆர்டர் புத்தகம் நிரம்பி வழிந்தது. ஒரு மெஷினிங் சென்டருக்கு (தானாகவே வெட்டுக்கருவி மாற்றி வேலை செய்கிற மெஷின்) ஆர்டர் கொடுத்தால் ஒன்றரை வருடம் காத்திரு என்று சொன்னார்கள். ஜப்பான்காரர்கள் என்.சி. (எண்களால் கட்டுப்படுத்தும்) லேத்தையும் மெஷினிங் சென்டரையும் ஒரே மாதிரியாக, எல்லோருக்கும் பொதுவான மாடலாகச் செய்து, ஃபனுக் என்ற ஜப்பான் கம்பெனியின் கன்ட்ரோல் போட்டு, அமெரிக்கக் கிடங்கில் ஸ்டாக் வைத்திருந்தார்கள். இன்றைக்குப் பணம், அடுத்த வாரம் மெஷின். ஜாப் ஒர்க் செய்கிறவன் தேசபக்தி பார்த்து ஒன்றரை வருடம் சும்மா உட்கார்ந்திருப்பானா? அதன் பின்னால் 1981-82 மந்தம் வந்தது, இருந்த ஆர்டரும் ரத்தானது. 1982-ல் மெஷின் டூல் உற்பத்தியில் ஜப்பான் அமெரிக்காவை முந்தி உலகில் முதலிடத்துக்குப் போனது, 2009-ல் சீனா வந்து தட்டிப் பறிக்கும்வரை அங்கேயே இருந்தது.

ஹூடாய் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி 1982-ல் அமெரிக்க அரசிடம் போய், ஜப்பான் மெஷின் வாங்குகிறவர்களுக்கு வரிச்சலுகை கொடுக்காதீர்கள் என்று மனு போட்டது. அடுத்த வருடம் ரீகன் அரசு அதைத் தள்ளிவிட்டது. அதே ரீகன் அரசு, இறக்குமதி ஏறக்குறைய பாதிச் சந்தையைப் பிடித்துக்கொண்ட பிறகு, 1986-ல் ஜப்பானையும் தைவானையும் கூப்பிட்டு 'நீங்களாகவே ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று ஒப்பந்தம் போட்டது. 1987-லிருந்து ஐந்து வருடத்துக்கு. கவனியுங்கள், 1986-லேயே தைவான் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நான் சொன்ன காலக்கணக்குக்கு அரசாங்கமே தந்த சாட்சி அது.

மின்கருவிகளில் மகிடா. 1978-ல் வந்த அவர்களுடைய 6010டி என்ற 7.2 வோல்ட் கார்டுலெஸ் டிரில்லை இன்றும் பழைய தச்சர்கள் பெயர் சொல்லிப் பேசுவார்கள். 1985-ல் ஜார்ஜியா மாநிலத்தில் புஃபோர்டில் தொழிற்சாலையே போட்டுவிட்டார்கள். 1993-ல் ஜப்பானிலிருந்து வரும் தொழில்முறை மின்ரம்பங்கள் மேல் அமெரிக்கா பொருள்குவிப்பு வரி (அடிமாட்டு விலைக்குக் கொண்டுவந்து விற்பதைத் தடுக்கும் வரி) போட்டது. அப்போது குதிரை ஓடிப்போய் வெகு நாளாகியிருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட காரேஜ் சாமான்கள். அங்கே கதாநாயகன் தைவான், குறிப்பாகத் தைச்சுங் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். கோயம்புத்தூரைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஊரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டாம். ஒரு சந்தில் பவுண்டரி, அடுத்த சந்தில் பல்சக்கரம் வெட்டுகிறவர், இன்னொருவர் ஸ்பிண்டில் மட்டும் கிரைண்டிங் செய்வார், எல்லாவற்றையும் வாங்கி அசெம்பிளி செய்கிறவர் வேறு ஒருவர். பெரிய முதலீடு இல்லாமல் குடும்பத் தொழிலாகவே ஒரு முழு லேத் செய்துவிடலாம். வடிவத்துக்கும் மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த, காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்ட மாடல்களை அளந்து எடுத்தார்கள். டெல்டாவின் 14 அங்குலப் பேண்ட்சா, கனெக்டிகட்டில் 1938-ல் பிறந்த பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெஷின், ஆஸ்திரியாவின் எம்கோ காம்பேக்ட் 8 லேத். காம்பேக்ட் 8-ன் வாரிசுதான் இன்றைக்கும் 9x20 என்ற பெயரில் ஏழெட்டு நிறத்தில் விற்கிற லேத். டெல்டாவுக்கு வாங்கிய உதிரி பாகம் தைவான் பேண்ட்சாவில் அப்படியே போய் உட்காரும், அவ்வளவு நேர்மையான நகல்.

விற்றவர்களைப் பாருங்கள். ஜெட், வாஷிங்டன் மாநிலம் டகோமாவில் 1958-ல் ஆரம்பித்தது. சிகாகோவில் என்கோ. 1977-ல் வட ஹாலிவுட்டில் ஹார்பர் ஃப்ரெய்ட். 1983-ல் பெல்லிங்ஹாமில் ஷிராஸ் பலோலியா ஆரம்பித்த கிரிஸ்லி. இவர்களில் கிரிஸ்லி, ஹார்பர் ஃப்ரெய்ட் செய்த வேலை வெறும் இறக்குமதி மட்டும் இல்லை. டீலர் என்ற இடைத்தட்டையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கேட்டலாக் வரும், இலவசத் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டு கிரெடிட் கார்டு எண் சொன்னால் போதும், லாரி வந்து வாசலில் பெட்டியை இறக்கிவிட்டுப் போகும். டெல்டா, பவர்மேட்டிக் போன்ற அமெரிக்க மெஷின்களை வாங்க வேண்டுமென்றால் ஊரிலிருக்கிற டீலரிடம் போக வேண்டும், அவர் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும்தான் மரியாதை கொடுப்பார். சனிக்கிழமை மட்டும் மரவேலை செய்கிற ஆபீஸ்காரரை யாரும் வாடிக்கையாளராகவே நினைக்கவில்லை. அந்த ஆபீஸ்காரர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

4x6 பேண்ட்சா ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புக் கம்பி, பைப் வெட்டுகிற சின்ன ரம்பம், படுக்கவைத்தும் வெட்டலாம், நிமிர்த்தி வைத்தும் வெட்டலாம், பிளேடு நீளம் 64½ அங்குலம். ஜெட் விற்றது நீலம், கிரிஸ்லி விற்றது பச்சை, மற்றவர்கள் கையில் கிடைத்த பெயிண்ட். உள்ளே எல்லாம் ஒன்றே. கால்கள் தகரம், கதவு சரியாகப் பூட்டாது, பிளேடு நழுவி நழுவி விழும். ஆனால் பிளேடு வழிகாட்டிகளை ஒரு மாலை உட்கார்ந்து சரிசெய்துவிட்டால் அதன்பின் இருபது வருடம் பேசாமல் வெட்டிக்கொண்டிருக்கும். அந்த விலைக்கு அதே வேலையைச் செய்கிற அமெரிக்க ரம்பம் அதற்கு முன்னால் இருந்ததே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஆசியச் சாமான் எல்லாமே உள்ளூர்ச் சாமானை 'மாற்றியது' என்று சொல்ல முடியாது. நிறையவே புதுச் சந்தை. ஹேக்சாவால் கை வலிக்க அறுத்துக்கொண்டிருந்தவன் முதல்முறையாக ஒரு மெஷின் வாங்கினான்.

தரம் எப்படி? 1980களின் தொடக்கத்தில் வந்த ஒரு தைவான் மில்-டிரில்லை (மில்லிங்கும் துளை போடுவதும் இரண்டையும் செய்கிற மெஷின்) பிரித்தால் என்ன இருக்கும் என்று சொல்கிறேன். ரோங்ஃபூ கம்பெனி பிரபலமாக்கிய அந்த உருண்டைத் தூண் மெஷின் இன்றும் பல காரேஜ்களில் நிற்கிறது. மரப்பெட்டியை உடைத்தால் மெழுகுத்தாள், அதற்குள் மெஷின் முழுக்கப் பழுப்பு நிறத்தில் கெட்டி கிரீஸ், கெரசினும் பிரஷும் இல்லாமல் போகாது. கழுவிவிட்டு டேபிளைக் கழற்றினால் திருகாணி ஓடுகிற பள்ளத்தில் வார்ப்பு மணல். மணல் மேலேயே பெயிண்ட் அடித்திருப்பார்கள், அது உதிர்ந்து எண்ணெயோடு கலந்தால் வழுக்குப் பாதைகளை அரத்தூள் மாதிரி தின்றுவிடும். கிப்பை (வழுக்குப் பாதையின் ஆட்டத்தைச் சரிசெய்யும் பட்டை) வெளியே எடுத்து விரலால் தடவினால் விளிம்பெல்லாம் பர், அதாவது கூர்ப்பிசிறு. டேபிளுக்கு அடியில் அழகாகப் பிறை பிறையாக ஸ்கிரேப்பிங் செய்த மாதிரி கோலம் தெரியும். சமதளத்தைச் சோதிக்கிற நீலச் சாயம் தடவிப் பார்த்தால் நாலு இடத்தில்தான் தொடும். கோலம் அலங்காரத்துக்காகக் கிரைண்டரால் போட்டது. இவ்வளவும் கை வேலையால் சரிசெய்யக்கூடியவை. அதனால்தான் இங்கே பழகியவர்கள் அதை மெஷின் என்று வாங்குவதில்லை, மெஷின் செய்யத் தேவையான பாகங்கள் அடங்கிய பெட்டி என்று வாங்குவார்கள்.

சரிசெய்ய முடியாதது உருண்டைத் தூண். ஒரு துளை போட்டுவிட்டு, நீளமான ரீமர் மாட்டுவதற்காகத் தலையைக் கொஞ்சம் உயர்த்தினால் தலை தூணைச் சுற்றித் திரும்பிவிடும், துளையின் மையம் போச்சு. மறுபடி டயல் இண்டிகேட்டர் மாட்டி மையம் பிடிக்க வேண்டும். பிரிட்ஜ்போர்ட்டில் டேபிளைத் தாங்குகிற முட்டி மேலே கீழே போகும், தலை அசையாது. அந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் விலையில் அவ்வளவு வித்தியாசம்.

இன்னொரு கோளாறு வெளியே தெரியாதது. வார்ப்பு ஆறும்போது தடித்த பாகமும் மெல்லிய பாகமும் வேறு வேறு வேகத்தில் சுருங்குகின்றன, உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. முறைப்படி செய்தால் முரட்டு மெஷினிங் முடித்துவிட்டு வார்ப்பைச் சில மாதம் வெளியே போட்டு வைப்பார்கள், இல்லை உலையில் வைத்துச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவார்கள், அதன்பிறகுதான் கடைசி கிரைண்டிங். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் கப்பல் ஏறும்போது நேராக இருந்த லேத் பெட் (லேத்தின் அடிப்பாதை) ஒரு வருடத்தில் முறுக்கிக்கொள்ளும். ஆரம்பகால இறக்குமதிக்குக் கெட்ட பெயர் வந்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. தைச்சுங்காரர்கள் இதைச் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். 1980களின் முடிவில் வந்த தைவான் சரக்குக்கும் தொடக்கத்தில் வந்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அமெரிக்கக் கம்பெனிகள் ஏன் தாக்குப்பிடிக்கவில்லை? சம்பளம் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டுமே காரணம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1980-லிருந்து 1985 வரை டாலர் கண்டபடி உயர்ந்தது. இறக்குமதி எல்லாமே தள்ளுபடியில் வந்த மாதிரி ஆனது. அதைவிட முக்கியம், நல்ல பெயர் வாங்கிய கம்பெனிகள் எல்லாம் ஏற்கெனவே கைமாறியிருந்தன. டெல்டாவை 1945-லேயே ராக்வெல் வாங்கிவிட்டது, சவுத் பெண்ட் லேத்தை 1959-ல் ஆம்ஸ்டெட், பிரிட்ஜ்போர்ட்டை 1968-ல் டெக்ஸ்ட்ரான். வாங்கியவர்கள் லாபத்தைக் கறந்தார்கள், தொழிற்சாலையில் புதுசாகப் போட்டது குறைவு. உலகத்துக்கே மெஷின் செய்து கொடுத்த தொழிற்சாலைகளில் பல, தங்கள் சொந்த மெஷின்களைப் போர்க்காலத்துக்குப் பிறகு மாற்றவே இல்லை.

சவுத் பெண்ட் கதை தனிக்கதை. 1906-ல் ஓ'பிரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் இந்தியானாவில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பட்டறையில் லேத் பழகிய ஒரு தலைமுறையில் ஏராளமான பேர் இவர்கள் லேத்தில்தான் முதல் சுருளைச் சீவியிருப்பார்கள். 1975-ல் ஆம்ஸ்டெட் கைகழுவப் பார்த்தபோது தொழிலாளர்களே பங்கு போட்டுக் கம்பெனியை வாங்கினார்கள். 1980-ல் அதே தொழிலாளர்கள் தங்களுக்கே சொந்தமான கம்பெனிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பங்கு கையில் இருந்தது, நிர்வாகத்தில் சொல் செல்லவில்லை. அப்புறம் தேய்ந்து தேய்ந்து, 2009-ல் அந்தப் பெயரை வாங்கியவர் யார் தெரியுமா? கிரிஸ்லியின் பலோலியா. இன்றைக்கு சவுத் பெண்ட் பெயரில் வருகிற லேத் தைவானில் செய்தது. சொல்லப்போனால் நல்ல லேத்தும்கூட.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு. பழைய அமெரிக்க மெஷின் சாகாது. இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த லேத்களும் மில்லிங் மெஷின்களும் போர் முடிந்ததும் சந்தைக்கு வந்தன. 1980களில் பள்ளிகள் பட்டறை வகுப்புகளை மூட ஆரம்பித்ததும் அந்த மெஷின்களும் ஏலத்துக்கு வந்தன. புது அமெரிக்க லேத் வாங்க நினைக்கிறவனுக்கு முன்னால் இரண்டு வழி: கால்வாசி விலையில் நாற்பது வருடம் பழைய அமெரிக்க லேத், இல்லை அதே விலையில் புத்தம்புது தைவான் லேத். புது அமெரிக்க லேத்தை முழு விலை கொடுத்து யார் வாங்குவார்கள்? பள்ளிகள்தான் வாங்கிக்கொண்டிருந்தன, அவையும் நின்றுவிட்டன. சியர்ஸ் கடைக்கு கிராஃப்ட்ஸ்மன் பெயரில் லேத் செய்துகொடுத்த கலமசூ நகரத்து அட்லஸ் அந்த வியாபாரத்தை 1980களின் தொடக்கத்தில் நிறுத்தியது. அதோடு சாதாரண மனிதன் கைக்கு எட்டும் விலையில் அமெரிக்க லேத் என்பது முடிந்துவிட்டது என்றே சொல்லலாம்.

சீனா இதற்குப் பிறகு. டாலர் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் 1985-ல் போட்ட பிளாசா ஒப்பந்தத்துக்கு அப்புறம் யென் மதிப்பு இரண்டு மூன்று வருடத்தில் இரட்டிப்பானது, ஓர் அமெரிக்க டாலருக்கு 40 தைவான் டாலர் என்றிருந்தது 26 பக்கம் வந்தது. தைவான் சரக்கின் விலை ஏறியது, கூலியும் ஏறியது. தைச்சுங் முதலாளிகள் மலிவான மாடல்களின் அச்சுகளைத் தூக்கிக்கொண்டு சீனப் பெருநிலத்துக்குப் போனார்கள். 1990களில் ஹார்பர் ஃப்ரெய்ட் சரக்கின் தரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்ததற்குக் காரணம் அதுதான்: அதே மெஷின், வேறு பவுண்டரி, மறுபடியும் அதே மணல். சீனர்கள் தங்கள் யுவானை ஓர் அமெரிக்க டாலருக்கு 8.28 என்று கட்டிப்போட்டு 2005 வரை வைத்திருந்தார்கள், 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள், அதன்பின் அணை உடைந்த கதைதான். சுத்தியல், கோடரி, கடப்பாறை மாதிரி அடித்துச் செய்த கனமான சாமான்கள்மேல் அமெரிக்கா 1991-லேயே சீனாவுக்குப் பொருள்குவிப்பு வரி போட்டிருந்தது என்பதிலிருந்து கைச்சாமானில் எவ்வளவு சீக்கிரம் வந்தார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். உயர்ரகச் சாமான்களுக்கு நகர்ந்துவிட்ட தைவான் இப்போது நல்ல தரத்துக்கு அடையாளம். 'இது சீனா இல்லை, தைவான்' என்று விற்பனைக்காரர் பெருமையாகச் சொல்லி ஐந்நூறு டாலர் கூடக் கேட்பதை நீங்களே பார்க்கலாம். 1982-ல் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இனி பெயர்ப்பலகை விவகாரம், உங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது இதுதான். டெல்டாவின் யூனிசா என்ற டேபிள் சா 1939-ல் வந்தது, 2009-ல் புது மாடல் வந்தபோதும் டென்னசியில்தான் செய்தார்கள். ஆனால் அதே டெல்டா 1980களிலேயே சின்ன டிரில்லிங் மெஷின்களைத் தைவானிலிருந்து வரவழைத்து விற்றுக்கொண்டிருந்தது. ஆக 1988-ல் செய்த டெல்டா என்றால் அமெரிக்காவா தைவானா? எந்த மாடல் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது. 2011-ல் டெல்டா கம்பெனியையே தைவானின் சாங் டைப் வாங்கிவிட்டது. டென்னசி மெக்மின்வில்லில் 1921-லிருந்து இருந்த பவர்மேட்டிக்கை 1999-ல் ஜெட் வாங்கியது, இறக்குமதி செய்தவன் உள்ளூர்க்காரனை விழுங்கிவிட்டான். 2005-ல் மில்வாக்கி என்ற அமெரிக்க மின்கருவிக் கம்பெனியை ஹாங்காங்கின் டி.டி.ஐ. கம்பெனி வாங்கியது. கிராஃப்ட்ஸ்மன் ஸ்பானர்கள் 2010-ஐ ஒட்டித்தான் சீனாவுக்குப் போயின. 2017-ல் அந்தப் பெயரை வாங்கிய ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த்தில் தானியங்கித் தொழிற்சாலை போட்டு அமெரிக்காவிலேயே செய்வோம் என்றது, 2023-ல் அதை மூடியது. இங்கிலாந்தில் இதே மாதிரி மைஃபோர்ட் லேத் 2011 வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு ஓரமான பாகம் உண்டு. ஜலந்தர், லூதியானா பட்டறைகளில் செய்த பிளையர், சி-கிளாம்ப், வைஸ், இழைப்புளி எல்லாம் அமெரிக்க மலிவுக் கடைகளில் 'இந்தியா' முத்திரையோடு நெடுங்காலமாக இருக்கின்றன. அமெரிக்கர்கள் கண்ணுக்கு நம் சாமானும் இறக்குமதிச் சரக்குதான். நம் ஊருக்குள் இதே அலை வந்தது 2001 ஏப்ரல் 1-ல் அளவுக் கட்டுப்பாடுகளை எடுத்த பிறகு, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

சரி, எஸ்டேட் சேலுக்குப் போனால் எதைப் பார்ப்பது? 1980-க்கு முந்தியது என்றாலே தங்கம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். கிராஃப்ட்ஸ்மன் 109 வரிசைச் சின்ன லேத் சுத்தமான அமெரிக்கத் தயாரிப்பு. ஸ்பிண்டில் அரை அங்குலம் தடிமன், கொஞ்சம் அழுத்திச் சீவினால் வளைந்துவிடும். அதைவிட எந்தச் சீன மினி லேத்தும் மேல். அட்லஸ் லேத்கள் பரவாயில்லை, ஆனால் பல்சக்கரங்கள் துத்தநாகக் கலவை, ஒரு பல் போனால் தேடி அலைய வேண்டும். கிராஃப்ட்ஸ்மன் ரேடியல் ஆர்ம் சா (நீட்டிய கையில் தொங்குகிற வட்டரம்பம்) கண்ணில் பட்டால் ஜாக்கிரதை: 1958-க்கும் 1992-க்கும் நடுவில் விற்ற மாடல்கள் பலவற்றைப் பிளேடு மூடி சரியில்லை என்று 2000-ல் திரும்ப அழைத்தார்கள்.

டிரில்லிங் மெஷினாக இருந்தால் தலை மூடியைத் திறந்து பாருங்கள். மோட்டார் பக்கம் ஒரு புல்லி, ஸ்பிண்டில் பக்கம் ஒரு புல்லி, நாலைந்து வேகம் மட்டும் என்றால் பெரும்பாலும் பழைய அமெரிக்க வடிவம். நடுவில் மூன்றாவதாக ஒரு புல்லி இருந்து 12 அல்லது 16 வேகம் என்று மூடிக்குள் அட்டவணை ஒட்டியிருந்தால் 1980-க்குப் பிந்திய ஆசிய வடிவம், முன்னால் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. லேத், மில்லிங் மெஷினில் டயலைப் பாருங்கள், அப்புறம் போல்ட் தலையைப் பாருங்கள். டயல் ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில் இருந்து, போல்ட்டுக்கு 17 மில்லிமீட்டர் ஸ்பானர் சரியாக உட்கார்ந்தால் அது அமெரிக்கச் சந்தைக்கென்று வெளிநாட்டில் செய்தது. இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் போட வேண்டும் என்று 1890-லிருந்தே சட்டம் இருக்கிறது. பெரும்பாலும் ஸ்டிக்கராகப் போடுவார்கள், உரிந்து போயிருக்கும், ஒட்டியிருந்த இடத்தின் நிழல் தெரியும். மோட்டார் தகட்டையும் விடாதீர்கள், ஆனால் மோட்டாரை மாற்றியிருக்கலாம், அதை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது.

இவ்வளவும் எங்கே செய்தது என்று கண்டுபிடிக்க மட்டும்தான். விலை பேசுவதற்கு வேறு சோதனை. லேத் என்றால் சக்குக்கு (வேலைப்பொருளைப் பிடிக்கிற பாகம்) பக்கத்தில் பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள், சாடிலை (வெட்டுளியைச் சுமந்து பெட்டில் நகர்கிற பாகம்) அங்கே வைத்து கிப்பை லேசாக இறுக்கி, அதே இறுக்கத்தோடு எதிர்முனையில் இருக்கிற டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளுங்கள். பாதியில் இறுகி நின்றால் முன்பகுதி தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஐம்பது வருடம் மூன்று ஷிப்டு ஓடித் தேய்ந்த அமெரிக்க லேத்தைவிட, ஒருவர் கழுவி மணல் எடுத்து சனிக்கிழமை மட்டும் ஓட்டிய 1989 தைவான் லேத்தைத்தான் நான் எடுப்பேன்.